எழுபது புளியங்கொட்டை

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் ஒரு சாயங்காலம் நோட்டும் கையுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் எடுக்கப்போகிறாள். புத்தகத்தை இப்போதே வாங்கிப் புரட்டத் தொடங்கிவிட்டாள். 70-ஐ 0, 1 மட்டும் வைத்து எழுதும் பைனரி எண்ணாக மாற்ற, அதில் சொன்னபடி இரண்டால் வகுத்து, வந்த ஈவை மறுபடி இரண்டால் வகுத்து, மீதிகளையெல்லாம் கீழிருந்து மேலாக எழுதி 1000110 என்று விடை எடுத்திருந்தாள். விடை சரிதான். அவளுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை.

"சித்தி, எழுபது எப்படி பத்து லட்சத்து நூத்திப்பத்து ஆகும்?"

இந்தப் பாடத்தில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. நானும் அந்த வயதில் இதே வகுத்தல் கணக்கைப் போட்டு முழு மதிப்பெண் வாங்கினேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமலேதான் போட்டேன். நிரல் எழுதுவதே தொழிலாகிச் சில வருடம் போன பிறகுதான் அது விளங்கியது. இவள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம் என்று நினைத்து, பரணிலிருந்த பல்லாங்குழியை இறக்கினேன்.

பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மொத்தம் எழுபது. அத்தனையையும் தரையில் கொட்டி, "இது எத்தனை?" என்றேன். "எழுபது." "இதுல பத்து எங்க இருக்கு, நூறு எங்க இருக்கு, லட்சம் எங்க இருக்கு?" எங்கேயும் இல்லை. தரையில் கிடப்பது கொட்டைகள் மட்டும்தான். எழுபது என்பது நாம் அதற்குச் சொல்லும் பெயர். 70 என்பது நாம் அதை எழுதும் விதம். எழுதும் விதத்தை மாற்றினால் கொட்டை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

எழுத்து மாறுவதற்குக் காரணம், நாம் எத்தனையை ஒரு கட்டாகக் கட்டுகிறோம் என்பதுதான். அந்த எண்ணிக்கைக்குப் பாடப்புத்தகம் தரும் பெயர் அடிமானம்.

பல்லாங்குழி ஆடியவர்களுக்கு ஒரு கட்டு ஏற்கெனவே தெரியும். குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அது பசு. எனவே எழுபதையும் பசு பசுவாகக் கட்டச் சொன்னேன். பதினேழு பசு வந்தது, இரண்டு கொட்டை உதிரியாக நின்றது. பதினேழும் பெரிய எண்ணாக இருக்கிறதே, அதையும் நாலு நாலாகக் கட்டலாம் அல்லவா? நாலு பசு சேர்ந்தால் ஒரு தொழுவம் என்று அவளே பெயர் வைத்தாள். நாலு தொழுவம், ஒரு பசு மிச்சம். அந்த நாலு தொழுவமும் சேர்ந்து ஒரு மந்தை. இப்போது தரையில் இருப்பது ஒரு மந்தை, தனித் தொழுவம் ஏதுமில்லை, ஒரு பசு, இரண்டு உதிரிக் கொட்டை. இந்த வரிசையில் எண்களை மட்டும் எழுதினால் 1012.

நான்கை அடிமானமாகக் கொண்டால் எழுபதை எழுதும் விதம் இதுதான். சரிபார்க்க வேண்டுமானால், மந்தைக்கு 64, தொழுவத்துக்கு 16, பசுவுக்கு 4, உதிரிக்கு 1. ஆக 64 + 0 + 4 + 2 = 70. புத்தகத்தில் இதை (1012)₄ என்று அடியில் ஒரு சின்ன 4 போட்டு எழுதுவார்கள். அந்தச் சின்ன எண்ணை விட்டுவிட்டால் படிப்பவர் ஆயிரத்துப் பன்னிரண்டு என்றே எடுத்துக்கொள்வார். வாயால் சொல்லும்போதும் "ஆயிரத்துப் பன்னிரண்டு" என்று சொல்லக்கூடாது. ஆயிரம், நூறு, பத்து எல்லாம் பத்துப்பத்தாகக் கட்டுவதற்கான பெயர்கள். இங்கே "ஒன்று, பூஜ்யம், ஒன்று, இரண்டு" என்று தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். அவளுடைய "பத்து லட்சத்து நூத்திப்பத்து" பிறந்த இடமும் இதுதான். இரண்டிரண்டாகக் கட்டிய எண்ணைப் பத்துப்பத்தாகக் கட்டிய பெயரால் வாசித்துவிட்டாள்.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். இந்த முறையில் 0, 1, 2, 3 தவிர வேறு இலக்கமே வராது. நாலாவது கொட்டை வந்து சேர்ந்த நொடியே அது பசுவாகி அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. எந்த அடிமானத்துக்கும் இதே விதி. பத்தின் அடிமானத்தில் 9-க்கு மேல் ஒற்றை இலக்கம் இல்லை, இரண்டின் அடிமானத்தில் 1-க்கு மேல் இல்லை. எந்த அடிமானமானாலும் ஒரே ஒரு கட்டை, உதிரி எதுவும் இல்லாமல், எழுதினால் 10 என்றுதான் வரும். பசுவை நான்கின் அடிமானத்தில் எழுதினாலும் 10, டஜனைப் பன்னிரண்டின் அடிமானத்தில் எழுதினாலும் 10.

பத்தும் பூஜ்யமும்

பத்துப்பத்தாகக் கட்டுவதில் கணிதப் புனிதம் ஒன்றுமில்லை. நமக்குப் பத்து விரல், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து தமிழுக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. எழுபது என்ற சொல்லைப் பிரித்தாலே ஏழு பத்து. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம்.

பழைய தமிழ் எண் குறிகளில் எழுபதை ௭௰ என்று எழுதினார்கள். ௭ ஏழு, ௰ பத்து. முந்நூற்று நாற்பத்தைந்து ௩௱௪௰௫. வாயால் சொல்வதை அப்படியே எழுதுவது மாதிரி. ஒவ்வொரு கட்டுக்கும் தனிக்குறி இருப்பதால் இந்த முறைக்குப் பூஜ்யம் தேவைப்படவில்லை. ஆயிரத்துப் பன்னிரண்டை ௲௰௨ என்று எழுதினால் போதும். நூறு இல்லை, அதனால் நூற்றுக்கான ௱ குறியும் இல்லை.

நாம் இப்போது எழுதும் முறை வேறு. இதில் கட்டுக்குப் பெயர் கிடையாது. எந்த இடத்தில் நிற்கிறது என்பதே அதன் பெயர். பள்ளியில் இட மதிப்பு என்று படித்தது இதைத்தான். பெயரின் வேலையை இடம் செய்வதால், ஓர் இடம் காலியாக இருந்தால் அந்தக் காலியையும் எழுதிக் காட்டியாக வேண்டும். மந்தை ஒன்று, பசு ஒன்று, கொட்டை இரண்டு என்பதை 112 என்று எழுதிவிட்டால் மந்தை தொழுவமாகிவிடும். நடுவில் ஒரு பூஜ்யம் நின்றால்தான் மந்தை மந்தையாக இருக்கும். குவாலியர் கோட்டையில் உள்ள சதுர்புஜ கோயிலில் 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலுக்குப் பூந்தோட்டம் விட்ட செய்தி. தோட்டத்தின் அளவு 187-க்கு 270 முழம், தினமும் 50 மாலை. அந்த 270-லும் 50-லும் பூஜ்யம் சின்ன வட்டமாக, இன்று நாம் எழுதும் அதே வேலையைச் செய்துகொண்டு நிற்கிறது. பூக்கணக்கில் நிற்கும் அந்தப் பூஜ்யத்தைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

வீட்டுக்குள்ளேயே இருந்த வேறு அடிமானங்கள்

"பத்தைத் தவிர வேற எதுலயாவது யாராவது நிஜமா கணக்கு போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள். அவளே போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். இரண்டே முக்காலுக்குத் தொடங்கிய படம் ஒன்றரை மணி நேரம் ஓடினால் எப்போது முடியும் என்று கேட்டால், நாலே காலுக்கு என்று உடனே சொல்லிவிடுவாள். 45-ம் 30-ம் 75, அதில் 60 போனால் ஒரு மணி, மிச்சம் 15. இது அறுபதின் அடிமானத்தில் போட்ட கூட்டல். பாபிலோனியர்கள் கணக்கை இப்படித்தான் போட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் உள்ளங்கை அளவுக் களிமண் வட்டு ஒன்றில், சதுரத்தின் மூலைவிட்டத்துக்கான எண்ணை 1, 24, 51, 10 என்று ஆப்பு வடிவ எழுத்தில் பதித்திருக்கிறார்கள். ஒன்று, அதோடு அறுபதில் 24 பங்கு, 3600-இல் 51 பங்கு, 2,16,000-இல் 10 பங்கு. கூட்டிப் பார்த்தால் 1.41421296 வரும். இரண்டின் வர்க்கமூலத்தோடு தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் ஒத்துப்போகிறது. அதை எழுதி மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் பஞ்சாங்கத்திலும் ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு அறுபது விநாழிகை.

அறுபதுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்றால், அது எளிதாகப் பங்கு போடக்கூடிய எண். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என எத்தனை பேர் வந்தாலும் மீதி வராது. பத்தை இரண்டு பேருக்கோ ஐந்து பேருக்கோதான் மீதியில்லாமல் கொடுக்க முடியும். பன்னிரண்டும் அறுபதைப் போலத்தான். கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினால் விரலுக்கு மூன்றாகப் பன்னிரண்டு வரும். முட்டையும் வாழைப்பழமும் டஜனில் விற்பதும், பன்னிரண்டு டஜனைச் சேர்த்து ஒரு குரோஸ் என்பதும் இந்த வழி வந்தவையாக இருக்கலாம். குரோஸ் என்றால் 144. பன்னிரண்டின் அடிமானத்தில் அது 100. தீப்பெட்டி வேலை செய்தவர்கள் இருக்கும் ஊர்களில் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

கலிபோர்னியாவின் யூகி மக்கள் எட்டெட்டாக எண்ணியவர்கள். அவர்கள் எண்ணியது விரலை அல்ல, விரல்களுக்கு இடையிலுள்ள சந்துகளை. ஒரு கைக்கு நாலு சந்து, இரண்டு கைக்கு எட்டு. அதே கை, வேறு அடிமானம்.

பிறகு அணா. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வரும்வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு பை. அந்தக் காலத்து மளிகைக் கணக்கு ஒன்றைக் கூட்டிப் பார்ப்போம். 2 ரூபாய் 9 அணா 8 பை ஒரு செலவு, 3 ரூபாய் 8 அணா 6 பை இன்னொன்று. பையைக் கூட்டினால் 14. பன்னிரண்டு பை ஓர் அணா, ஆக 2 பை எழுதி ஓர் அணாவை மேலே ஏற்றுகிறோம். அணா 9, 8, ஏறிய 1 சேர்ந்து 18. பதினாறு அணா ஒரு ரூபாய், 2 அணா எழுதி ஒரு ரூபாயை ஏற்றுகிறோம். ரூபாய் 6. மொத்தம் 6 ரூபாய் 2 அணா 2 பை. பள்ளியில் "ஒன்று மனதில்" என்று சொல்லிப் பழகிய அதே வேலைதான். இடத்துக்கு இடம் எப்போது ஏற்ற வேண்டும் என்பது மட்டும் மாறுகிறது. நம் பாட்டிமார்கள் இதைப் பேனா பேப்பர் இல்லாமல் போட்டார்கள். நயா பைசா வந்த பிறகும் இருபத்தைந்து காசை நாலணா என்றும் ஐம்பது காசை எட்டணா என்றும் சொல்லி வந்தோமே, பதினாறின் அடிமானம் நம் வாயில் விட்டுப்போன தழும்பு அது.

படியும் உழக்கும்

பல்லாங்குழி இருந்த அதே பரணில் அம்மாவின் அளவைப் பாத்திரங்களும் இருந்தன. படி, உரி, உழக்கு, ஆழாக்கு. சில வீடுகளில் இவற்றையே படி, அரைப்படி, கால்படி, அரைக்கால்படி என்பார்கள். கொள்ளளவு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் விகிதம் இதுதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆழாக்குக் கணக்கில் சொன்னால் 8, 4, 2, 1.

நாலையும் தரையில் வரிசையாக வைத்து ஒரு நிபந்தனை போட்டேன். எந்தப் பாத்திரத்தையும் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது, தலைதட்டித்தான் அளக்க வேண்டும். இந்த நிபந்தனையோடு பதினொரு ஆழாக்கு அரிசி அளந்து காட்டு.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படியை எடுத்தாள். எட்டு ஆயிற்று, இன்னும் மூன்று. உரியை எடுத்தால் கூடிவிடும், வேண்டாம். உழக்கு இரண்டு, ஆழாக்கு ஒன்று. சரியாக வந்துவிட்டது. எடுத்த பாத்திரத்துக்கு 1, எடுக்காததற்கு 0 என்று எழுதச் சொன்னேன். படி 1, உரி 0, உழக்கு 1, ஆழாக்கு 1. 1011. "இது பதினொன்னுக்கு பைனரி!" என்றாள்.

பதினைந்து வரை எந்த அளவைக் கேட்டாலும் இந்த நாலு பாத்திரத்தால் அளந்துவிடலாம். ஒவ்வொரு அளவுக்கும் ஒரே ஒரு வழிதான் உண்டு. இரண்டின் அடிமானத்தில் எந்த இடத்திலும் எத்தனை என்ற கேள்வியே கிடையாது. உண்டா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. ஒரு பாத்திரத்தில் இரண்டு சேர்ந்துவிட்டால் அது அடுத்த பாத்திரமாகிவிடுகிறது.

படிக்கு மேலே போனால் எட்டுப் படி ஒரு மரக்கால். குறுணி என்பதும் அதுதான். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. படிக்கும் மரக்காலுக்கும் நடுவில் இரண்டு படி, நாலு படி என்ற இரண்டு இடங்கள் பாத்திரம் இல்லாமல் காலியாக இருக்கின்றன. அதை விட்டால் ஆழாக்கிலிருந்து தூணிவரை அத்தனையும் இரட்டிப்பு. தூணிக்கு மேல் மூன்று தூணி ஒரு கலம் என்று வருவதால் அந்த ஒழுங்கு அங்கே முறிந்துவிடுகிறது. இதை வைத்துத் தமிழர்கள் கணினி எண் முறையைக் கண்டுபிடித்தார்கள் என்றெல்லாம் சொல்லக்கூடாது. தானியத்தைப் பாதி பாதியாகப் பிரிப்பது கைக்கு எளிது, அதனால் அளவைகள் அப்படி அமைந்தன. ஆனாலும் பைனரி புரிவதற்கு இதைவிட நல்ல பாத்திரங்கள் கிடைக்காது.

இப்போது அவள் நோட்டிலிருந்த 1000110-க்கு வருவோம். வலமிருந்து இடமாக இடங்களின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64. ஒன்று இருக்கும் இடங்கள் 2, 4, 64. உழக்கு, உரி, மரக்கால். எழுபது ஆழாக்கு அரிசி என்பது ஒரு மரக்கால், ஓர் உரி, ஓர் உழக்கு. அவள் பத்து லட்சம் என்று படித்த அந்த நீளமான எண் சொல்வது இவ்வளவுதான்.

அந்த வகுத்தல் கணக்கும் இங்கேதான் அர்த்தம் பெறுகிறது. எழுபது ஆழாக்கை இரண்டிரண்டாகச் சேர்த்தால் முப்பத்தைந்து உழக்கு, மீதி ஆழாக்கு 0. முப்பத்தைந்து உழக்கைச் சேர்த்தால் பதினேழு உரி, ஓர் உழக்கு ஜோடியில்லாமல் நிற்கிறது, மீதி 1. பதினேழு உரி எட்டுப் படியாகிறது, ஓர் உரி மீதி. அதற்குமேல் 8, 4, 2 எல்லாம் மீதியில்லாமல் ஜோடி சேர்ந்து கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது. அதுதான் மரக்கால். மீதி என்பது அந்தந்தப் பாத்திரத்தில் ஜோடி கிடைக்காமல் நின்றது. முதலில் வரும் மீதி ஆழாக்கினுடையது, கடைசியில் வருவது மரக்காலினுடையது. எழுதும்போது பெரியது இடப்பக்கம் வர வேண்டும் என்பதால்தான் கீழிருந்து மேலாக எழுதுகிறோம். இந்த ஒரு காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

திரும்பி வரவும் இதே படிக்கட்டுதான். 1000110-ஐ இடமிருந்து படித்துக்கொண்டே போங்கள். ஒவ்வோர் இலக்கத்துக்கும், இதுவரை வந்ததை இரட்டித்து அந்த இலக்கத்தைக் கூட்டுங்கள். 1, 2, 4, 8, 17, 35, 70. வகுக்கும்போது இறங்கிய எண்களிலேயே ஏறுகிறோம்.

கணினிக்கு ஏன் இரண்டு

கணினி என்றாலே பைனரி என்று நினைக்கிறோம், ஆனால் அது விதியல்ல. 1946-இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் பத்தின் அடிமானத்தில்தான் கணக்குப் போட்டது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் 1958-இல் நிக்கலாய் புருசென்த்சோவ் குழுவினர் செய்த சேதூன் மூன்றின் அடிமானத்தில் ஓடியது. இரண்டு வென்றதற்குக் காரணம் மின்சாரம். ஒரு கம்பியில் மின்னழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது எளிது. அது ஏழா எட்டா என்று பிரித்தறிவது கடினம், கொஞ்சம் சூடோ இரைச்சலோ சேர்ந்தால் ஏழு எட்டாகிவிடும். பாத்திரத்தை எடுத்தோமா இல்லையா என்பதில் யாரும் தவறமாட்டார்கள், பாத்திரத்தில் பத்தில் ஏழு பங்கு நிரம்பியிருக்கிறதா என்பதில் தவறலாம். ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1703-லேயே 0, 1 இரண்டை மட்டும் வைத்துக் கூட்டல், பெருக்கல் எல்லாம் செய்யலாம் என்று கட்டுரை எழுதியிருந்தார். ஆனால் அன்று அதற்கு வேலை இருக்கவில்லை. 1937-இல் அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில், திறந்து மூடும் மின்சுவிட்சுகளால் இந்தக் கணக்கைச் செய்யலாம் என்று காட்டினார்.

பைனரியில் ஒரே தொல்லை, எண்கள் நீண்டுகொண்டே போகும். மனிதக் கண் வரிசையாக நிற்கும் பூஜ்யங்களில் தடுமாறும். அதனால் நிரலாளர்கள் நாலு நாலு இலக்கமாகச் சேர்த்துப் படிப்போம். நாலு இலக்கத்துக்குப் பதினாறு நிலை, ஆக அது பதினாறின் அடிமானம். 1000110-ஐ வலப்பக்கமிருந்து நாலாகப் பிரித்தால் 100, 0110. முதல் பகுதி 4, அடுத்தது 6. எழுபதை 46 என்று எழுதியாயிற்று. பதினாறு என்றதும் அணா ஞாபகம் வருகிறதா? எழுபது அணா எத்தனை ரூபாய்? 4 ரூபாய் 6 அணா. அதே 46.

பதினாறின் அடிமானத்தில் ஒரு சிக்கல் உண்டு. பத்திலிருந்து பதினைந்து வரைக்கும் ஒற்றைக் குறி வேண்டும், நம்மிடம் 9 வரைதான் இருக்கிறது. அதற்கு ஆங்கில எழுத்துகள் ஏ, பி, சி, டி, இ, எஃப் ஆறையும் கடன் வாங்கிக்கொண்டார்கள். ஏ என்றால் 10, எஃப் என்றால் 15. எண்ணுக்கு நடுவில் எழுத்தைப் பார்த்ததும் புதியவர்கள் மிரள்வார்கள். அது வெறும் இலக்கம்தான், பதினைந்தணா என்பதற்கு ஒற்றை எழுத்து. இணையப் பக்கங்களில் நிறத்தைக் குறிக்கும் ஆறு இலக்கங்கள் இந்த முறையில்தான் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கம். எஃப்எஃப் என்றால் 15 × 16 + 15 = 255, அந்த நிறம் முழு அளவில் என்று பொருள்.

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் எழுத்துகளும் எண்கள்தான். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒருங்குறியில் (யூனிகோடு) 'அ' என்ற எழுத்தின் எண் 0பி85. பி என்றால் 11. ஆக 11 × 256, 8 × 16, 5 மூன்றையும் கூட்டினால் 2949. 'ழ' 0பிபி4, அதாவது 2996. பல்லாங்குழிக் கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. தொழுவத்துக்கும் பசுவுக்கும் பதிலாக 256-ம் 16-ம் நிற்கின்றன.

மும்மூன்றாகச் சேர்த்தால் எட்டின் அடிமானம். எழுபது 1, 000, 110 என்று பிரிந்து 106 ஆகும். லினக்ஸ் கணினியில் கோப்புக்கு 755 என்று அனுமதி கொடுப்பவர்கள் இந்த எண்ணைத் தினமும் தட்டுகிறார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. எல்லாம் உண்டென்றால் 7, எழுதும் உரிமை மட்டும் இல்லையென்றால் 5. உரியும் உழக்கும் ஆழாக்கும்தான் இங்கேயும்.

கடைசியாக ஒரு விஷயம், புதியவர்கள் கணினியில் பார்த்துப் பதறுவது. பல நிரல்மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை வரும். பழுது எதுவும் இல்லை. பத்தின் அடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று முடிவில்லாமல் எழுதுகிறோம் அல்லவா, அதுபோல இரண்டின் அடிமானத்தில் பத்தில் ஒரு பங்கு 0.000110011 என்று முடியாமல் நீள்கிறது. ஒரு படியைப் பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று எவ்வளவு பிரித்தாலும் அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கைச் சரியாக அளக்க முடியாது. கணினி ஓரிடத்தில் வெட்டி நிறுத்துகிறது, வெட்டிய துளிதான் விடையின் வாலில் தெரிகிறது.

பழைய தமிழ்க் கணக்கர்கள் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். பாதி பாதியாகப் போகும் அரை, கால், அரைக்கால், வீசம் ஒரு பக்கம். வீசம் பதினாறில் ஒன்று. ஐந்தையும் சேர்த்துக்கொண்ட மா இன்னொரு பக்கம், அது இருபதில் ஒன்று. இரண்டுக்கும் பொதுவாகக் காணி, எண்பதில் ஒன்று. மா என்பது நாலு காணி, வீசம் ஐந்து காணி. வீசத்துக்கு மாகாணி என்ற பெயரும் உண்டு. ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் வீசம், பெயருக்குள்ளேயே கூட்டல் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு நாலுமா, பத்தில் ஒரு பங்கு இருமா. கணினியால் முடிக்க முடியாத அந்தப் பின்னம் அவர்கள் ஓலையில் வாலில்லாமல் முடிந்துவிட்டது.

கொட்டைகளைத் திரும்பக் குழிகளில் போட்டபோது கடைசிக் குழியில் நாலுதான் வந்தது. ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டிருக்க வேண்டும். "இப்ப எத்தனை, பைனரில சொல்லு" என்றேன். நோட்டைத் தேடுவாள் என்று நினைத்தேன். அவள் பாத்திரங்களைத்தான் பார்த்தாள். உழக்கைக் கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஆழாக்கை இழுத்து முன்னால் வைத்தாள்.

"மரக்கால், உரி, ஆழாக்கு. 1000101."